வெந்துபோன தோல்

மலேசியாவின் பத்து பாகாட்டில் கைக்குழந்தை உள்ள வீட்டில் பாட்டி ஒருவர் இருந்தால், பம்பர்ஸைக் கழற்றிப் பார்த்ததும் அவர் சொல்வது “புள்ளைக்கு வெந்து போச்சு” என்பதுதான். புண் என்பதில்லை, சொறி என்பதில்லை. அதே குழந்தையின் தாய் டவுனில் உள்ள மருந்தகத்துக்குப் போனால் அலமாரியில் எதிர்ப்படும் சொற்கள் வேறு. மலாயில் ‘ருவாம் லம்பின்’, அதாவது நாப்கின் சொறி, என்று எழுதிய டப்பாக்களும் டியூப்களும் வரிசையாக நிற்கும். அவற்றில் பலவற்றின் நெற்றியில் பெரிய எழுத்தில் ‘ஆன்டிசெப்டிக்’ என்றிருக்கும். கிருமியைக் கொல்வது என்று பொருள்.

ஒரே சிவப்புக்கு இரண்டு விளக்கங்கள் இவை. பாட்டியின் சொல் ஈரத்தையும் புழுக்கத்தையும் குற்றம் சாட்டுகிறது. டப்பாவின் சொல் கிருமியைக் குற்றம் சாட்டுகிறது. பல பத்தாண்டு ஆராய்ச்சி சுற்றி வளைத்துக் கடைசியில் பாட்டியின் பக்கம் வந்து நின்றது. அந்தச் சுற்றுவழியில் பல குழந்தைகள் உயிரை இழந்தார்கள். இன்று கடையில் ஒரு டியூப்பை எடுக்கும் கை அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு எடுப்பது நல்லது.

முதலில் அந்தத் தோலுக்கு என்ன நேர்கிறது என்று பார்ப்போம். ஜொகூரின் மேற்குக் கரையில், ஆற்று முகத்தில் இருக்கும் பத்து பாகாட்டில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. பகலில் 32 டிகிரியைத் தொடும் வெப்பம் இரவிலும் 23, 24க்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. துவைத்த துணி மழை நாளில் இரண்டு நாள் கொடியில் கிடந்தும் ஈரம் விடாது. அப்படிப்பட்ட ஊரில் குழந்தையின் இடுப்பில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு பொட்டலத்தைக் கட்டுகிறோம். உள்ளே நடப்பது நெல்லைப் புழுக்குவது போன்றது. ஊறவைத்து, மூடி, சூட்டில் வைப்பது.

தோலின் மேலடுக்கு அத்தாப்புக் கூரையைப் போல வேயப்பட்டது. இறந்த செல்கள் ஓலைகள். அவற்றுக்கு இடையே உள்ள கொழுப்பு, ஒழுகாமல் பிடித்துக்கொள்ளும் கட்டு. கூரை காய்ந்திருக்கும்வரை எவ்வளவு மழையும் வழிந்து ஓடிவிடும். நாள்கணக்கில் ஊறினால் ஓலை உப்பி, கட்டுத் தளர்ந்து, லேசாக உரசினாலே பிய்ந்து வரும். பம்பர்ஸின் ஓரம், துணியின் மடிப்பு, நனைந்து இறுகிய அரைஞாண் கயிறு எல்லாம் அந்த உரசலைத் தருகின்றன.

இதோடு முடிந்தால் சிவப்பு லேசாகத்தான் இருக்கும். சிறுநீரும் மலமும் கலக்கும்போதுதான் நிலைமை மாறுகிறது. மலத்தில் வாழும் பாக்டீரியாக்கள் சிறுநீரின் யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகின்றன. நல்ல தோல் லேசான அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு 5, 5.5 அருகில் இருக்கும். அம்மோனியா அதைக் காரத்தின் பக்கம் இழுக்கிறது. குடலில் புரதத்தையும் கொழுப்பையும் செரிப்பதற்காகச் சுரந்த நொதிகள் மலத்தோடு வெளியே வந்திருக்கின்றன அல்லவா, அவை இந்தக் காரச் சூழலில் சுறுசுறுப்படைகின்றன. உணவைச் செரித்தது போலவே தோலையும் செரிக்கத் தொடங்குகின்றன. வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு ஒரே இரவில் தோல் உரிந்துவிடுவதற்கு இதுதான் காரணம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்தத் தொல்லை பொதுவாகக் குறைவாக இருப்பதற்கும் இதுவே காரணம். அதன் மலத்தில் காரமும் நொதியும் குறைவு.

இந்த விளக்கம் கிடைக்க நெடுநாள் ஆனது. 1921இல் அமெரிக்க மருத்துவர் குக், அம்மோனியாவை உண்டாக்கும் பாக்டீரியா ஒன்றைக் குழந்தைகளின் மலத்திலிருந்து பிரித்தெடுத்து, புண்ணுக்குக் காரணம் அம்மோனியாவே என்றார். ஈரத்துணியை அவிழ்க்கும்போது மூக்கைத் துளைக்கும் வாடையை எல்லோரும் அறிவார்கள், அதனால் அது உடனே நம்பும்படி இருந்தது. நம்பியதும் அடுத்த படி தானாக வந்தது: பாக்டீரியாவைக் கொன்றுவிட்டால் போதும். துணிகளைக் கிருமிநாசினியில் அலசினார்கள். பாதரசக் கூட்டுப்பொருள்களையும் போரிக் அமிலத்தையும் பயன்படுத்தினார்கள். பவுடரிலும் களிம்பிலும் அவற்றைச் சேர்த்தார்கள். ஆனால் அமெரிக்காவில் லேடன் தலைமையிலான குழு 1977இல் புண் உள்ள குழந்தைகளையும் இல்லாத குழந்தைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அம்மோனியாவின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. 1986இல் பெர்க்கும் உடன் ஆய்வாளர்களும் நொதிகளின் பங்கைக் காட்டினார்கள். அம்மோனியா நேரடியாகச் சுடுவதில்லை, நொதிகளுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது என்பது அப்போதுதான் தெளிந்தது.

இடைப்பட்ட அரை நூற்றாண்டில் கிருமியைக் கொல்லப் போட்டவை குழந்தையின் உடலுக்குள் போய்க்கொண்டிருந்தன. 1953இல் கோல்ட்புளூம் என்ற குடும்பப் பெயருடைய இரு மருத்துவர்கள், அதுவரை உலக மருத்துவ இதழ்களில் வெளிவந்திருந்த 109 போரிக் அமில நஞ்சேற்றங்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். இடுப்புப் புண்ணுக்காகப் பொடி தூவப்பட்ட கைக்குழந்தைகளும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் நகரில், துணி நாப்கின்களைத் துவைத்துத் தரும் சலவை நிலையம் ஒன்று பூஞ்சணத்தைத் தடுக்கப் பாதரசக் கூட்டுப்பொருள் ஒன்றைப் பயன்படுத்தியது. ஆயிரக்கணக்கான குழந்தைகள் அந்தத் துணியை இடுப்பில் கட்டியிருந்தார்கள். சிலருக்குக் கையும் காலும் சிவந்து, தோல் உரிந்து, ஓயாத அழுகையோடு ‘இளஞ்சிவப்பு நோய்’ எனப்படும் பாதரச நஞ்சேற்றம் வந்தது.

எல்லாவற்றையும்விடக் கொடியது 1972இல் பிரான்சில் நடந்தது. அந்த ஆண்டின் வசந்தத்திலும் கோடையிலும் குழந்தைகள் விசித்திரமான நோயோடு மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். இடுப்புப் பகுதியில் கடுமையான சிவப்பு, காய்ச்சல், வாந்தி, பிறகு மயக்கம், வலிப்பு, கை கால் இழுப்பு. எல்லா வீடுகளிலும் பொதுவாக இருந்தது ‘டால்க் மொராஞ்ச்’ என்ற குழந்தைப் பவுடர். ஆகஸ்ட்டில்தான் சந்தேகம் அதன்மேல் விழுந்தது. ஆய்ந்து பார்த்தபோது அதில் 6.3 விழுக்காடு ஹெக்சாகுளோரோஃபீன் இருந்தது. அந்தக் காலத்தில் மருத்துவமனைச் சோப்புகளிலேயே இருந்த, எல்லோரும் நம்பிய கிருமிநாசினி அது. அந்தப் பவுடரில் அது இருந்திருக்கவே கூடாது. ஆலையில் 600 கிலோ டால்க்கில் 38 கிலோ கிருமிநாசினி தவறுதலாகக் கலந்துபோயிருந்தது. 204 பேர் பாதிக்கப்பட்டார்கள். 36 குழந்தைகள் இறந்தார்கள்.

அந்த வீடுகளில் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க முடியாமல் இல்லை. பவுடர் போட்ட இடம் சிவந்தது. சிவந்ததைக் கண்டு தாய் இன்னும் கொஞ்சம் பவுடர் போட்டிருப்பாள். அன்பினால் செய்த அந்தச் செயல்தான் நஞ்சின் அளவைக் கூட்டிக்கொண்டே போயிருக்கும். அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க அரசு ஹெக்சாகுளோரோஃபீன் மீது கடுமையான கட்டுப்பாடு விதித்தது.

நமக்கு இன்னும் அருகில், வியட்நாமின் ஹோ சி மின் நகரில், 1981இல் 741 குழந்தைகளுக்கு இரத்தக்கசிவு நோய் வந்து 177 பேர் இறந்தார்கள். அங்கும் வழி பவுடர்தான். எலி மருந்தாகப் பயன்படும் வார்ஃபரின் அந்தப் பவுடரில் கலந்திருந்தது. அது கிருமிநாசினி அல்ல, ஆனாலும் பாடம் ஒன்றே: குழந்தையின் இடுப்பில் போடுவது இடுப்போடு நிற்பதில்லை.

ஏன் இப்படி? எடையோடு ஒப்பிட்டால் கைக்குழந்தையின் தோல் பரப்பு பெரியவர்களுடையதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. உள்ளங்கையளவு பூசினாலும் அது உடலுக்குப் பெரிய பங்கு. அந்த இடம் பம்பர்ஸால் மூடியிருக்கிறது. மூடிய தோலும் ஈரத்தோலும் மருந்தை அதிகமாக உறிஞ்சும். ஏற்கெனவே கூரை பிய்ந்திருந்தால் தடையே இல்லை. உறிஞ்சியதை வடித்து வெளியேற்ற வேண்டிய கல்லீரலும் சிறுநீரகமும் இன்னும் பழகி வருகின்றன.

மலேசியத் தாய்மார்களுக்கு இது ஒருவகையில் தெரிந்த செய்திதான். இந்நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உண்டா என்று சோதிக்கிறார்கள். குறைபாடு உள்ள குழந்தையின் துணியை அந்துருண்டை போட்ட அலமாரியில் வைக்காதீர்கள் என்று தாதியர் சொல்லி அனுப்புவார்கள். துணியில் ஏறிய நாப்தலீன் குழந்தையின் உடலில் சேர்ந்து சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். வெறும் வாசனையாய்த் துணியில் தங்கியதே இவ்வளவு செய்யும் என்றால், நேராகத் தோலில் தேய்ப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இனி இன்றைய டியூப்புக்கு வருவோம். பயமுறுத்துவதற்காக மேலே உள்ளதைச் சொல்லவில்லை. ஹெக்சாகுளோரோஃபீன் பவுடர் இன்று அலமாரியில் இல்லை. இப்போது கிடைக்கும் களிம்புகளில் பெரும்பாலானவை, சொன்னபடி பயன்படுத்தினால் பாதுகாப்பானவை. ஆனால் எது வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் எது தேவை என்பதும் தெரிந்துவிடும்.

உலகெங்கும் தாய்மார்கள் அறிந்த சூடோகிரீமை எடுத்துக்கொள்வோம். 1931இல் டப்ளின் நகர மருந்தாளர் தாமஸ் ஸ்மித் செய்தது. டப்பாவில் ‘ஆன்டிசெப்டிக்’ என்று இருக்கிறது. உள்ளே இருப்பதில் 15.25 விழுக்காடு ஜிங்க் ஆக்சைடு, அதாவது துத்தநாக வெண்பொடி. ஆட்டு ரோமக் கொழுப்பான லானோலின் 4 விழுக்காடு. கிருமியைத் தடுக்கும் பென்சைல் ஆல்கஹால் அரை விழுக்காட்டுக்கும் கீழே. அளவே கதையைச் சொல்கிறது. தோலுக்கும் மலத்துக்கும் நடுவே வெள்ளைச் சுவராக நிற்பது துத்தநாகமும் கொழுப்பும்தான். நொதி தொடாத அந்த இடைவெளியில் தோல் தன்னைத் தானே வேய்ந்துகொள்கிறது.

வேறு சில களிம்புகளில் செட்ரிமைடும் பென்சல்கோனியம் குளோரைடும் சிறு அளவில் இருக்கும். காயத்துக்கான களிம்புகளில் குளோர்ஹெக்சிடின் இருக்கலாம். மலேரியாவுக்கு மருந்து தேடிய பிரிட்டிஷ் ஆய்வாளர்களின் கூடத்தில், பாலுட்ரின் மாத்திரை பிறந்த அதே வேதியியல் குடும்பத்திலிருந்து வந்து 1954இல் சந்தையைத் தொட்ட பொருள் அது. வெட்டுக்காயத்துக்கும் அறுவைச் சிகிச்சைக்கு முன் தோலைத் துடைக்கவும் அருமையான மருந்து. குறைமாதக் குழந்தைகளுக்கும் இரண்டு மாதத்துக்கு உட்பட்டவர்களுக்கும் அதை எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் சொல்கிறது, ஏனென்றால் அது பிஞ்சுத் தோலை எரிக்கக்கூடும். கண்ணுக்குள்ளும் காதுக்குள்ளும் போகவே கூடாது. போவிடோன் அயோடின் இன்னொன்று; பச்சிளங்குழந்தையின் தோல் வழியே போகும் அயோடின் தைராய்டு சுரப்பியை மந்தமாக்கும்.

ஆகவே சாதாரணமாக வெந்துபோன தோலுக்குத் தேவை தடுப்புக் களிம்பு. துத்தநாகமோ வெள்ளை வாசலினோ போதும். அதில் மெல்லிய கிருமிநாசினி சேர்ந்திருந்தால் பெரிய தீங்கில்லை, பெரிய லாபமும் இல்லை. “கிருமிநாசினி கூடுதலாக இருக்கிறது, அதனால் சீக்கிரம் ஆறும்” என்ற கணக்கு மட்டும் தவறு.

பூசும் முறைதான் பலருக்குப் பிடிபடுவதில்லை. பம்பர்ஸ் மாற்றும்போது வெதுவெதுப்பான நீரும் பஞ்சும் போதும். மலம் ஒட்டியிருந்தால் வாசனையில்லாத மென்மையான சோப்பு சிறிது. தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு காற்று. பாயில் ஒரு பழைய துணியை விரித்து, குழந்தையை இடுப்பு திறந்தபடி பத்து நிமிடம் கிடத்தினால், எந்த டியூப்பும் செய்யாத வேலையை அது செய்யும். தோட்டங்களில் தாய்மார் பால்வெட்டுக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்சென்ற ஆயாக்கொட்டகையைப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பழைய புடவையில் ஏணை, கீழே திறந்த உடம்பு, ஈரமானால் உடனே தெரியும். அங்கே குறைகள் ஆயிரம். ஆனால் காற்றுக்குப் பஞ்சமில்லை. இன்றைய பம்பர்ஸ் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது, 1980களில் வந்த உறிஞ்சும் துகள்கள் அந்த வகையில் தோலுக்கு நல்லதே செய்தன. அவை செய்த கெடுதல் ஒன்று உண்டென்றால், நனைந்ததை நம் கண்ணிலிருந்து மறைத்ததுதான். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, மலம் கழித்தால் உடனே, மாற்ற வேண்டும்.

தோல் நன்றாகக் காய்ந்ததும் கையைக் கழுவிவிட்டுக் களிம்பு. துத்தநாகக் களிம்பு தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவது போல மெல்லியதாக இருந்தால் போதாது. தோல் தெரியாதபடி மூட வேண்டும். கிருமிநாசினிக் களிம்பு அதற்கு நேர்மாறு: மெல்லிய பூச்சு, சிறு இடம், உறையில் சொன்ன தடவை. இந்த இரண்டு விதிகளையும் மாற்றிப் போடுவதால்தான் பாதித் தொல்லை வருகிறது. அடுத்த முறை மாற்றும்போது வெள்ளைப் பூச்சு முழுவதையும் சுரண்டி எடுக்கத் தேவையில்லை. அழுக்கான மேற்பகுதியை மட்டும் துடைத்து, அதன் மேலேயே பூசலாம். முழுதும் எடுத்தே தீர வேண்டும் என்றால் கொஞ்சம் குழந்தை எண்ணெயில் நனைத்த பஞ்சு தோலை நோகடிக்காமல் எடுத்துவிடும்.

புதிதாக வாங்கிய எதையும் முதல் நாளே முழு இடுப்புக்கும் பூசாமல், முன்கையில் பட்டாணி அளவு தடவி ஒரு நாள் பார்ப்பது நல்லது. லானோலின் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. நியோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கலந்த களிம்புகள் ஒவ்வாமைக்குப் பேர் போனவை. ஈரத்துடைப்பான்களில் இருந்த மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பதப்படுத்தி பல நாடுகளில் குழந்தைகளின் தோலைச் சிவக்கவைத்த வரலாறு உண்டு; மாற்றி மாற்றிக் களிம்பு பூசியும் ஆறாத சிவப்புக்குச் சில சமயம் துடைப்பானே காரணம்.

பவுடரை விட்டுவிடலாம். களிம்பின் மேல் விழுந்த பவுடர் கட்டியாகி உரசும், மூக்கில் போனால் நுரையீரலில் தங்கும். குளிக்கும் நீரில் ஒரு மூடி டெட்டால் விடுவது நம் வீடுகளில் பரம்பரைப் பழக்கமாகிவிட்டது. வெந்துபோன தோலுக்கு அதனால் ஆவது எரிச்சல்தான். வயிற்று உப்புசத்துக்குத் தேய்க்கும் மினியாக் காயு பூத்தே எண்ணெயும், சூடம் கலந்த தைலங்களும் இடுப்புக்குக் கீழே போகவே கூடாது. சூடம் குழந்தையின் உடலில் அதிகம் சேர்ந்தால் வலிப்பு வரும். இன்னொன்றும் உண்டு. வாசலின் வகைக் களிம்புகள் ஊறிய துணி எளிதில் தீப்பற்றும். பூஜை விளக்குக்குப் பக்கத்தில் அந்தத் துணியோடு குழந்தையைக் கிடத்தக் கூடாது.

தடுப்புக் களிம்பும் காற்றும் இரண்டு மூன்று நாளில் பலன் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அது வேறு ஏதோ. நல்ல மருந்தாளர் டியூப்பை எடுத்துத் தருவதற்கு முன் கேட்கும் முதல் கேள்வி இதனால்தான், “எத்தனை நாளா இருக்கு?” என்பது. மூன்று நாளுக்கு மேல் நீடித்த சிவப்பில் கேண்டிடா என்ற பூஞ்சை குடியேறியிருக்க வாய்ப்பு அதிகம். சாதாரணச் சிவப்பு, துணி படும் மேடுகளில் இருக்கும், தொடை மடிப்பின் ஆழத்தை விட்டுவிடும். பூஞ்சை மடிப்புக்குள்ளேயே தொடங்கும். அடர்சிவப்பாக, ஓரத்தைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகளோடு பரவும். காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட பிறகு வருவதும், வாயில் வெள்ளைப் படலம் இருப்பதும் அடையாளங்கள். இதற்கு வேண்டியது குளோட்ரிமசோல், நிஸ்டாட்டின் போன்ற பூஞ்சை மருந்து, மருத்துவரோ மருந்தாளரோ பார்த்துச் சொன்ன பிறகு. முதலில் அது மெல்லியதாக, அது ஊறியதும் மேலே துத்தநாகம்.

மலேசியாவில் இன்னொரு வேடதாரி உண்டு. கை, கால், வாய்ப்புண் நோய் குழந்தையின் பின்புறத்திலும் புள்ளிகளாக வரும். பம்பர்ஸ் சிவப்பு என்று நினைத்துக் களிம்பு பூசி, குழந்தைக் காப்பகமான தாஸ்காவுக்கு அனுப்பிவிட்டால் அங்குள்ள அத்தனை பிள்ளைகளுக்கும் பரவும். 1997இல் சரவாக்கில் குழந்தைகளின் உயிரைக் குடித்த நோய் அது. பின்புறத்தில் புள்ளி தெரிந்தால் உள்ளங்கை, பாதம், வாய் மூன்றையும் பார்க்க வேண்டும். நீர்க்கொப்புளம், சீழ், காய்ச்சல், இரத்தக் கசிவு, ஒரு மாதம்கூட ஆகாத குழந்தை: இவற்றில் ஒன்று இருந்தாலும் அரசு சுகாதார மையமான கிளினிக் கெசிஹாத்தானுக்கோ, அவசரமென்றால் சுல்தானா நோரா இஸ்மாயில் மருத்துவமனைக்கோ போவதுதான் முறை.

இந்தியாவிலிருந்து வரும் உறவினர் பையில் ‘எல்லாத்துக்கும் கேட்கும்’ ஒரு கிரீம் இருக்கும். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றும் ஒரே டியூப்பில். ஒரே நாளில் சிவப்பு மறையும், அதனால் நம்பிக்கை வளரும். வீரியமான ஸ்டீராய்டு பம்பர்ஸின் மூடிய சூட்டில் பல மடங்கு உள்ளே போகிறது. வாரக்கணக்கில் இப்படிப் பூசப்பட்ட குழந்தைகளின் முகம் நிலாப்போல் உப்பி, உடலின் சொந்தச் சுரப்பு அடங்கிப்போனதைத் துருக்கி மருத்துவர்கள் பலமுறை பதிவு செய்திருக்கிறார்கள். இந்தியாவில் 2018இல் பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தார்கள். கைக்குழந்தையின் இடுப்பில் போட மருத்துவர் தரும் ஸ்டீராய்டும் உண்டு. அது மிக மென்மையானது, சில நாள்களுக்கு மட்டும்.

வாங்கும்போது உறையைத் திருப்பிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. மலேசியாவில் பதிவான மருந்துக்கு ‘எம்ஏஎல்’ என்று தொடங்கும் எண்ணும் ஒளிரும் பாதுகாப்பு ஒட்டும் உண்டு. அழகுப் பொருளாக அறிவிக்கப்பட்டதற்கு ‘என்ஓடி’ என்று தொடங்கும் எண். இரண்டும் ஒன்றல்ல, இரண்டாவது வகைப் பொருள், நோயைக் குணமாக்கும் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை பெற்றதல்ல. தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்பிஆர்ஏ, பாதரசமும் பீட்டாமெத்தசோனும் கலந்திருந்த கிரீம்களின் அறிவிப்பை அடிக்கடி ரத்து செய்து பெயர்களை வெளியிடுகிறது. எந்த எண்ணும் இல்லாத, இரவுச் சந்தையான பசார் மாலாமிலோ கைப்பேசியிலோ வாங்கிய டப்பா குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்.

அப்படியானால் கிருமிநாசினிக் களிம்புக்கு வேலையே இல்லையா? உண்டு, சரியான இடத்தில். முடியிறக்கும்போது கத்தி கீறிய உச்சந்தலை, தவழும் பிள்ளை சிமெண்டுத் தரையில் உரசிய முழங்கால், கொசுக்கடியைச் சொறிந்து உடைத்த கை. முதலில் குழாய் நீரில் மண் போகக் கழுவி, துடைத்து, மெல்லிய பூச்சு. காது குத்திய மடலின் வெளிப்புறத்தில் போடலாம், துளையைத் தாண்டிக் காதுக்குள் போகாமல். சுட்ட காயத்தில் போடக் கூடாது. 20 நிமிடம் ஓடும் நீர், அவ்வளவுதான். ஆழமான வெட்டு, நாய்க்கடி மருத்துவருடையவை. வேர்க்குருவுக்கும் கெட்டியான களிம்பு ஆகாது; வியர்வைத் துளை ஏற்கெனவே அடைபட்டிருக்கிறது, மேலே மெழுகு பூசினால் இன்னும் அடையும். குளியலும் பருத்திச் சட்டையும் மின்விசிறியும் அதற்கு மருந்து. பிள்ளை டியூப்பைக் கடித்து விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், டியூப்பையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருத்துவர்கள் கலந்தாலோசிக்கப் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இருக்கிறது.

இவ்வளவும் வீட்டில் தண்ணீர், மின்விசிறி, காய்ந்த துணி எல்லாம் இருக்கும்போது. 2023 மார்ச்சில் ஜொகூரில் 40,000க்கும் மேற்பட்டோர் வெள்ளத்தில் வீட்டை விட்டு வெளியேறினார்கள். மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது பத்து பாகாட் மாவட்டம், அங்கே தண்ணீர் வடிய வாரங்கள் ஆயின. 2007 தொடக்கத்திலும் அப்படித்தான். பள்ளிக்கூட மண்டபத்துத் துயர் துடைப்பு மையத்தில் பாய் விரித்துக் கிடக்கும் குடும்பத்துக்குக் குழந்தையின் இடுப்பு சிறிய விஷயமாகத் தோன்றும். ஆனால் ஈரமும் வயிற்றுப்போக்கும் நெரிசலும் சேரும் இடம் அது. மூன்றாம் நாளே பூஞ்சை வந்துவிடலாம். வெள்ள காலத்துக்கு எடுத்து வைக்கும் பையில், அடையாள அட்டைகளுக்கும் பால்மாவுக்கும் பக்கத்தில், துத்தநாகக் களிம்பு ஒரு டப்பாவும், நெகிழிப் பையில் இறுகக் கட்டிய காய்ந்த பழந்துணி பத்தும் இருந்தால் போதும். பம்பர்ஸ் தீர்ந்துபோனால் அந்தத் துணி. வெள்ளத்தண்ணீரில் துணியை அலசவோ குழந்தையைக் கழுவவோ கூடாது, கொதித்து ஆறிய நீரில் ஒரு குவளை போதும். வீடு திரும்பிய பிறகு, சேற்றிலிருந்து எடுத்த டியூப் மூடி இறுகியிருப்பது போல் தெரிந்தாலும் அதைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டும்.